ஃபங்ஷனல் மொழியில் நேரடி ஒலி: எழுதுவது யார், வாசிப்பது யார்?

கேள்வி இதுதான்: “ஹாஸ்கெல் ஓரளவு தெரியும். சைன் அலையை முடிவில்லாத லிஸ்ட்டாக எழுதி சவுண்டு கார்டுக்கு அனுப்பினேன். ஒலி வருகிறது, ஆனால் நடுநடுவே டக் டக்கென்று வெட்டுகிறது. ஃபங்ஷனல் மொழிகளில் நிகழ்நேர ஒலித்தொகுப்பு நடக்காத காரியமா? சி++ படித்துத்தான் ஆக வேண்டுமா?”

நடக்கும். சி++ படிக்காமலும் நடக்கும். நீங்கள் போன வழியில்தான் நடக்காது. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இதே இடத்தில் நானும் பல இரவுகளைத் தொலைத்திருக்கிறேன். ஃபங்ஷனல் மொழி என்றால், எல்லாவற்றையும் சார்புகளாக (ஃபங்ஷன்) எழுதும் மொழி; ஹாஸ்கெல் அதில் ஒன்று.

முதலில் கெடு எவ்வளவு என்று பார்த்துவிடுவோம். ஒலி அலையின் உயரத்தை அடுத்தடுத்துச் சொல்லும் எண்கள்தான் சாம்பிள்கள். வினாடிக்கு 48,000 சாம்பிள் என்றால் ஒரு சாம்பிளுக்குக் கிடைப்பது சுமார் 20.8 மைக்ரோ வினாடி. சவுண்டு கார்டு ஒவ்வொன்றாகக் கேட்காது. 64, 128, 256 என்று கட்டுக்கட்டாகக் கேட்கும். 64 சாம்பிள் கட்டு என்றால் 1.33 மில்லி வினாடிக்கு ஒருமுறை கதவைத் தட்டும். 256 என்றால் 5.33. தட்டும்போது கையில் கட்டு தயாராக இல்லையென்றால் அது காத்திருக்காது, வெறுமையையோ பழைய சரக்கையோ வாசித்துவிட்டுப் போய்விடும். நீங்கள் கேட்ட டக் அதுதான்.

இங்கே சராசரி வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வலைத்தளம் எப்போதாவது ஐம்பது மில்லி வினாடி தாமதமாகத் திறந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஒலியில் 999 கட்டுகளை மின்னல் வேகத்தில் முடித்து ஆயிரமாவதை மட்டும் தவறவிட்டால், 64 சாம்பிள் கணக்கில் ஒன்றேகால் வினாடிக்குச் சற்று கூடுதலான இடைவெளியில் ஒரு டக் விழும். அதை யாராலும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. “ஹாஸ்கெல் சி-யை விட எத்தனை மடங்கு மெதுவு?” என்பது இதனால்தான் தவறான கேள்வி. மிக மோசமான நாளில் எவ்வளவு தாமதிக்கும் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பஃபரை, அதாவது இந்தக் கட்டின் அளவை, பெரிதாக்கினால் என்ன என்று தோன்றும். 4,096 சாம்பிள் வைத்தால் 85 மில்லி வினாடி அவகாசம் கிடைக்கும், டக்கும் பெரும்பாலும் நின்றுவிடும். பாட்டுப் போட்டுக் கேட்பதற்கு அது சரி. கீபோர்டில் விரல் வைத்து வாசிப்பவருக்கு ஆகாது. பத்து மில்லி வினாடி என்பது ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம், அது பழகிவிடும். எண்பத்தைந்து என்றால் கிட்டத்தட்ட முப்பது மீட்டர். கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையில் இருக்கும் வாத்தியத்தை வாசிப்பது போல.

சரி, உங்கள் லிஸ்ட்டுக்கு வருவோம். 64 பிட் கணினியில் ஹாஸ்கெலின் ஜிஎச்சி கம்பைலர் (நாம் எழுதியதை இயந்திரக் குறியாக மாற்றும் நிரல்) லிஸ்ட்டின் ஒவ்வொரு கண்ணிக்கும் 24 பைட் எடுக்கிறது. அதில் தொங்கும் தசம எண்ணுக்கு இன்னும் 16. மொத்தம் 40 பைட், உள்ளே இருக்கும் சரக்கோ 8 பைட்தான். வினாடிக்கு 48,000 கண்ணி என்றால் 1.9 எம்பி. இது ஒரு அடுக்குக்கு மட்டும். அலை, அதன் மேல் ஒலியளவு வளைவு, அதன் மேல் ஃபில்ட்டர் என்று அடுக்கும்போது ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு ஒரு சங்கிலியைக் கட்டி, பயன்படுத்திவிட்டு, தெருவில் எறிகிறது. கம்பைலர் சில அடுக்குகளைச் சேர்த்துத் தைத்துவிடும்தான். ஆனால் எப்போது தைக்கும், எப்போது விட்டுவிடும் என்பதை நம்பி மேடை ஏற முடியாது.

எறிந்த நினைவகத்தை அள்ள கார்பேஜ் கலெக்டர் வர வேண்டும். குப்பை வண்டி வருவது நல்ல விஷயம். அது சந்தின் நடுவில் நின்று மற்ற வண்டிகளை மறிப்பதுதான் தொல்லை. ஜிஎச்சியின் வழக்கமான கலெக்டர் வேலை செய்யும்போது ஹாஸ்கெல் நிரல் முழுவதும் நிற்கும். சின்ன அள்ளல்கள் சட்டென்று முடிந்துவிடும். முழு அள்ளல் வரும்போது, உயிரோடு இருக்கும் தரவு எவ்வளவோ அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆடியோ த்ரெட்டுக்கு (ஒலி வேலையை மட்டும் பார்க்கும் தனி ஓட்டத்துக்கு) இயங்குதளத்திடம் எவ்வளவு உயர்ந்த முன்னுரிமை வாங்கிக் கொடுத்தாலும், அது ஹாஸ்கெல் நிரலுக்குள் நுழைய வேண்டுமென்றால் அள்ளல் முடியும்வரை வாசலில்தான் நிற்க வேண்டும். 2020-இல் ஜிஎச்சி 8.10-இல் நிறுத்தம் குறைவான இன்னொரு கலெக்டர் வந்தது. நிறுத்தம் குறைந்ததே தவிர இல்லாமல் போகவில்லை. 1.33 மில்லி வினாடிக் கெடுவுக்கு அது போதாது.

கலெக்டரை விடவும் எனக்குக் கோபம் வரவழைத்தது சோம்பல் மதிப்பீடுதான். ஒருமுறை எட்டு அலைகளைக் கலக்கும் ஒரு சின்ன சிந்தசைசர் எழுதினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு மியூட் பொத்தான். மியூட்டில் இருந்தால் பூஜ்யம், இல்லையென்றால் அலையின் மதிப்பு. பார்க்க எவ்வளவு அழகான நிரல்! ஒரு அலையை மியூட் செய்துவிட்டு மற்றவற்றோடு ஒரு நிமிடம் விளையாடிவிட்டு, மறுபடி அதைத் திறந்தேன். நிரல் மூச்சுத் திணறி நின்றது, அப்புறம் வந்தது. நடந்தது இதுதான்: மியூட்டில் இருந்தபோது அந்த அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது, அதாவது அதன் கட்டம் என்ன, என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை ஹாஸ்கெல் கணக்கிடாது. “முந்தையதோடு இவ்வளவு கூட்டு” என்று சீட்டு மட்டும் எழுதி வைத்துக்கொண்டே போகும். ஒரு நிமிடத்துக்கு 28,80,000 சீட்டுகள். திறந்த கணத்தில் அத்தனையையும் ஒரே மூச்சில் தீர்க்க வேண்டியிருந்தது. கட்டத்தை அவ்வப்போது கணக்கிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் ஒரு குறியைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் கேட்காத ஒலிக்கும் நேரம் ஓடுகிறது என்பதை மொழிக்கு நாம் ஒவ்வொரு இடத்திலும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது என்பது உறைத்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபங்ஷனல் சிந்தனையே ஒலிக்கு ஒத்துவராது என்று நினைத்துவிடாதீர்கள். ஒலி என்பதே நேரத்தின் சார்பு. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தில் வரும் அதே சார்பு. ஃபில்ட்டர் என்பது ஒரு சார்பை வாங்கி இன்னொரு சார்பைத் தருவது. 1957-இல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் கணினியில் ஒலி எழுப்ப நிரல் எழுதத் தொடங்கி, சில ஆண்டுகளில் “சின்னச் சின்ன ஒலிப் பெட்டிகளைக் கம்பியால் இணைப்பது” என்ற வடிவத்துக்கு வந்தார். அந்தப் பெட்டிகள் எல்லாமே சார்புகள்தான். ரோஜர் டானென்பர்க் 1984-இலேயே ஆர்க்டிக் என்று நிகழ்நேரக் கட்டுப்பாட்டுக்கென ஒரு ஃபங்ஷனல் மொழியை முன்வைத்தார். அவர் பின்னர் உருவாக்கிய நைக்விஸ்ட் இன்று ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டருக்குள் இருக்கிறது. ஆடாசிட்டியில் எஃபெக்ட் போட்ட பலர் தங்களுக்குத் தெரியாமலே லிஸ்ப் என்ற பழைய மொழியை ஓட்டியிருப்பார்கள். அதில் ஒலி என்பது மாறாத ஒரு மதிப்பு, கேட்கும்போது மட்டும் கணக்காகும். வேடிக்கை என்னவென்றால் அங்கேயும் அதே வில்லங்கம் உண்டு: ஒலியை ஒரு குளோபல் மாறியில் பிடித்து வைத்துக்கொண்டு வாசித்தால், வாசித்து முடிந்த சாம்பிள்கள் எல்லாம் நினைவகத்தில் தங்கிவிடும்.

ஆக, யோசனை பொருந்துகிறது. பொருந்தாதது அந்த மொழியின் ரன்டைம், அதாவது கெடு வந்து கதவைத் தட்டும்போது எழுந்து வரும் ஆள். இசையை எழுதுவது ஒருவர், வாசிப்பது இன்னொருவர் என்று பிரித்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். இந்தத் துறையில் நிலைத்து நின்றவர்கள் ஏறக்குறைய எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். பிரிக்கும் கோட்டை எங்கே போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு கோடு சூப்பர்கொலைடர் என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இருக்கிறது. ஜேம்ஸ் மெக்கார்ட்னி 1996-இல் வெளியிட்டது. மூன்றாம் பதிப்பில் அவர் அதை இரண்டாக வெட்டினார்: மொழி ஒரு நிரல், ஒலி எழுப்பும் சர்வர் தனி நிரல். இரண்டும் ஓஎஸ்சி என்ற எளிய செய்தி முறையில் பேசிக்கொள்ளும். சர்வர் சி++-இல் எழுதப்பட்டது. ஒலி ஓடும்போது இயங்குதளத்திடம் போய் நினைவகம் கேட்காது, தொடக்கத்திலேயே ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தும். செய்தி அனுப்பத் தெரிந்த எந்த மொழியும் அந்தச் சர்வரை ஆட்டலாம் என்பதுதான் இந்த வெட்டின் பெரிய லாபம். சாம் ஆரனும் ஜெஃப் ரோஸும் லிஸ்ப் குடும்பத்து மொழியான குளோஷரில் செய்த ஓவர்டோன் அப்படி வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சாம் ஆரன் பின்னர் செய்த சோனிக் பையும் அதே சர்வர் மேல்தான் நிற்கிறது.

இங்கே குப்பை வண்டி என்ன ஆனது? வண்டி வரத்தான் செய்கிறது, ஆனால் வேறு தெருவில். மொழிப்பக்கம் ஒவ்வொரு செய்தியிலும் “இதை இந்த நேரத்துக்கு வாசி” என்று எழுதி அனுப்பலாம். சூப்பர்கொலைடரில் வழக்கமாக 0.2 வினாடி முன்னதாக அனுப்புகிறார்கள். அந்த இடைவெளியில் மொழி முப்பது மில்லி வினாடி நின்று குப்பை அள்ளினாலும் சர்வருக்குத் தெரியவே தெரியாது, குறித்த நேரத்தில் குறித்த ஸ்வரம் விழும். கீபோர்டில் விரல் வைத்தவுடன் வர வேண்டிய ஒலிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதற்கு நேரம் குறிக்காமல் உடனே அனுப்ப வேண்டும், மொழி அப்போது விழித்திருக்கிறதா என்பது அதிர்ஷ்டம்.

ஓவர்டோனில் புதிதாக வருபவர்கள் எல்லாரும் ஒரு குழியில் விழுவார்கள், சொல்லிவிடுகிறேன். சிந்த் (ஒலி எழுப்பும் வாத்தியம்) வரையறைக்குள் + என்று எழுதினால் அது எதையும் கூட்டாது. “இங்கே ஒரு கூட்டல் பெட்டி வை” என்று வரைபடத்தில் குறிக்கும். அந்த வரைபடம் சர்வருக்குப் போய் அங்கே ஓடும். அதற்குள் நீங்கள் ஒரு ‘இஃப்’ போட்டு, “ஒலியளவு பாதிக்கு மேல் போனால் இதைச் செய்” என்று எழுதினால், அந்தக் கேள்வி வரைபடம் போடும்போது ஒரே ஒரு தடவைதான் கேட்கப்படும். ஒலி ஓடும்போது அந்தக் கேள்வியே அங்கே இருக்காது. தற்செயல் எண்ணும் அப்படித்தான்: வரைபடம் போட்ட அன்று விழுந்த எண்ணையே ஒவ்வொரு ஸ்வரமும் வாசிக்கும். “ரேண்டம் வேலை செய்யவில்லை” என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் பெரும்பாலும் இதில்தான் மாட்டியிருப்பார்கள்.

ஹாஸ்கெல் தெரியும் என்கிறீர்கள், அதனால் தாளங்களை நிரலாக எழுதும் டைடல்சைக்கிள்ஸ் (சுருக்கமாக டைடல்) உங்களுக்குப் பிடிக்கும். அலெக்ஸ் மெக்லீன் உருவாக்கியது. சாம்பிளைத் தொடுவதே இல்லை. எப்போது எது ஒலிக்க வேண்டும் என்பதை மட்டும் ஹாஸ்கெல் முடிவு செய்து சூப்பர்கொலைடருக்கு அனுப்புகிறது. அதன் மையக் கருத்து ஒரே வரி: பேட்டர்ன் என்பது ஒரு சார்பு, நேரத்தில் ஒரு துண்டைக் கொடுத்தால் அதற்குள் விழும் நிகழ்வுகளைத் திருப்பித் தரும். அதற்கு மேல் ஒன்றுமில்லை.

இது எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது பாருங்கள். ஒரு பேட்டர்னை இருமடங்கு வேகமாக்க வேண்டும். நோட்டுகளின் பட்டியலை எடுத்துத் திருத்த வேண்டியதில்லை. “0 முதல் 1/2 வரை என்ன இருக்கிறது?” என்று யாராவது கேட்டால், புதிய பேட்டர்ன் உள்ளே இருக்கும் பழையதிடம் “0 முதல் 1 வரை என்ன?” என்று கேட்கும், வந்த நேரங்களைப் பாதியாக்கிக் கொடுத்துவிடும். ஒரு பேட்டர்னைப் பின்னோக்கி ஓட்டுவது, நாலாவது சுற்றில் மட்டும் மாற்றுவது, இரண்டை மேலே மேலே வைப்பது எல்லாம் இதே வித்தைதான். நேரம் தசமமாக இல்லாமல் பின்னமாகவே வைக்கப்படுகிறது. மூன்றில் ஒன்றை மூன்று தடவை கூட்டினால் துல்லியமாக 1 வரும், 0.9999 என்று வராது. நாலு தட்டுக்குள் திஸ்ரத்தையும் (மூன்று) கண்டத்தையும் (ஐந்து) ஒரே நேரத்தில் ஓட்டினாலும் சமம் பிசகாது. மிருதங்கக்காரர்கள் மனதுக்குள் போடும் கணக்கு இது. இங்கே அந்தப் பின்ன எண்கள் போடுகின்றன.

டைடலில் தாளத்தை எழுதும் குட்டி மொழியைத் தமிழில் எழுதிக் காட்டுகிறேன்:

த [கி ட] தோம்

ஒரு சுற்று மூன்று சம பங்கு. நடுப் பங்கு மட்டும் மறுபடி இரண்டாகப் பிரிகிறது. ஆக ‘த’ 0-இல், ‘கி’ 1/3-இல், ‘ட’ 1/2-இல், ‘தோம்’ 2/3-இல். அடைப்புக்குறிக்குள் அடைப்புக்குறி எத்தனை வேண்டுமானாலும் போடலாம். சொற்கட்டு போல இருக்கிறதே என்று தோன்றினால் அது தற்செயல் இல்லை. பெர்னார்ட் பெல் 1980-களில் ஜிம் கிப்பனோடு சேர்ந்து, லக்னோ தபலா மரபின் காயிதா என்ற வாசிப்பு வடிவங்களை இலக்கணமாக எழுதிப் பார்ப்பதற்கு போல் புராசசர் என்ற நிரலைச் செய்தார். போல் என்றால் தபலாவின் சொல். அதில் தாளத்தை அடுக்கி எழுதிய முறை மெக்லீனுக்குத் தூண்டுதலாகி, இன்று இங்கிலாந்தில் ஏதோ ஒரு இரவு விடுதியில் திரையில் நிரலை ஓட்டி ஆடவைக்கிறவர்கள் கையில் இருக்கிறது. லக்னோ உஸ்தாதுகள் பார்த்தால் என்ன சொல்வார்களோ!

இன்ஸ்டால் செய்யும் பாடு வேண்டாமென்றால் ஸ்ட்ரூடல் இருக்கிறது. டைடலை ஜாவாஸ்கிரிப்டுக்குக் கொண்டுவந்தது, பிரௌசரிலேயே ஓடும்.

இன்னொரு கோடு ஃபாஸ்ட் என்ற ஒலி மொழியில் இருக்கிறது, என் மனசுக்கு நெருக்கமானதும் அதுதான். பிரான்ஸின் லியோன் நகரில் கிராம் என்ற இசை ஆய்வு மையத்தில் யான் ஓர்லாரேயும் அவருடைய சகாக்களும் 2002-இல் உருவாக்கத் தொடங்கியது. சூப்பர்கொலைடர் எழுதுபவரையும் வாசிப்பவரையும் இரண்டு நிரலாகப் பிரித்தது என்றால், ஃபாஸ்ட் இரண்டு நேரமாகப் பிரிக்கிறது. நீங்கள் எழுதுவது சுத்தமான ஃபங்ஷனல் மொழி. கம்பைல் செய்து முடித்ததும் அந்த மொழி காணாமல் போய்விடும். மிஞ்சுவது சி++, ரஸ்ட் அல்லது வெப்அசெம்ப்ளியில் ஒரு எளிய லூப். கலெக்டர் இல்லை, லிஸ்ட் இல்லை, சோம்பல் இல்லை. அதைப் பிளக்-இன்னாக்கலாம், பிரௌசரில் ஓட்டலாம், ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகையில்கூட ஏற்றலாம்.

ஒரு முழு நிரலின் உயிர் இவ்வளவுதான்:

+ ~ *(0.5)

+ என்பது இரண்டு கம்பி உள்ளே, ஒரு கம்பி வெளியே. ~ என்பது சுழல்: வெளியே வந்ததை எடுத்து, வலப்பக்கம் இருக்கும் பெட்டி வழியாக, ஒரு சாம்பிள் தாமதத்தோடு, மறுபடி உள்ளே விடு. மீதி இருக்கும் கம்பியில் உங்கள் ஒலி. உள்ளே 1, 0, 0, 0 என்று கொடுத்தால் வெளியே 1, 0.5, 0.25, 0.125. மாறி இல்லை, மதிப்பு வைத்தல் இல்லை, “பழையது எங்கே சேமித்தேன்” என்ற தலைவலி இல்லை. நினைவு என்பது கம்பியின் வளைவிலேயே இருக்கிறது. 0.5-க்குப் பதில் 1.01 போட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுங்கள். ஐந்தில் ஒரு பங்கு வினாடிக்குள் எண் தன் எல்லையையே தாண்டிவிடும்.

இணைக்கும் வழிகள் மொத்தம் ஐந்து: ஒன்றன்பின் ஒன்று ( : ), பக்கத்தில் பக்கத்தில் ( , ), பிரித்தல் ( <: ), சேர்த்தல் ( :> ), சுழல் ( ~ ). இவற்றை வைத்தே ஒரு தந்தியைச் செய்யலாம்:

+ ~ (@(107) : (_ <: _ , _' :> *(0.5)))

@(107) என்பது 107 சாம்பிள் தாமதம். _ வெறும் கம்பி, _' ஒரு சாம்பிள் பழைய கம்பி. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பக்கத்துப் பக்கத்து சாம்பிள்களின் சராசரி. இதற்குள் ஒரு கண நேர இரைச்சலை ஊற்றினால் அது சுற்றிச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றிலும் சராசரி அதன் கூர்மையைத் தேய்க்கும். காதுக்கு மீட்டிய தந்தி கேட்கும். 1983-இல் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் வெளியிட்ட முறை. முதல் தடவை கேட்டபோது ஏமாற்றப்பட்டது போல இருந்தது எனக்கு, இவ்வளவு சின்ன வரியில் இவ்வளவு பெரிய வாத்தியமா என்று.

சுருதி சேர்க்கும்போதுதான் வாத்தியத்தின் முரண்டு தெரியும். சுழலின் ஒரு சாம்பிள், தாமதத்தின் 107, சராசரியின் அரை, மொத்தம் 108.5. 48,000-ஐ அதனால் வகுத்தால் 442.4 ஹெர்ட்ஸ். உங்களுக்கு வேண்டியது 440. சரி, 108 போடுவோம் என்றால் 438.4. நடுவில் ஒன்றும் கிடையாது. தேர்ந்த காதுக்கு இதுவே உறுத்தும். மேல் ஸ்தாயிக்குப் போனால் கதை கந்தல்: 1,760 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் கிடைப்பது ஒன்று 1,811, இல்லை 1,745. முதலாவது ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் சரியாக நடுவில் போய் நிற்கும். அதே 1983-இல் டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் இதற்கு வழி சொன்னார்கள்: ஆல்-பாஸ் ஃபில்ட்டர் (ஒலியின் அளவை மாற்றாமல் தாமதத்தை மட்டும் மாற்றுவது) ஒன்றைச் சுழலில் சேர்த்தால் முழு எண்ணாக இல்லாத தாமதமும் கிடைக்கும். ஃபாஸ்டின் நூலகத்தில் இதெல்லாம் தயாராக இருக்கிறது. அந்த நூலகத்தின் பெரும் பகுதியில் ஸ்டான்ஃபோர்டின் ஜூலியஸ் ஸ்மித் கை இருக்கிறது. ஐபேடில் விரலை இழுத்துக் கமகம் வாசிக்கிறார்களே, கர்நாடக இசைக்காரர்கள் பலர் பயன்படுத்தும் ஜியோஷ்ரெட், அதற்குள் இருக்கும் கிட்டார் தந்தியும் ஃபாஸ்டில் எழுதப்பட்டதுதான்.

ஊற்றுகிற இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். அதுவும் அதே வடிவம்:

+(12345) ~ *(1103515245)

முழு எண் கணக்கில் பெருக்கி, கூட்டி, எல்லை தாண்டியதை விட்டுவிட்டு, மறுபடி. அதை −1 முதல் 1 வரை சுருக்கினால் வெள்ளை இரைச்சல். இங்கே ஃபங்ஷனல் தூய்மை நம் காலை வாரும் இடம் ஒன்று இருக்கிறது. அலைகடல் ஓசை செய்வதற்காக இடது காதுக்கு ஒரு இரைச்சல், வலது காதுக்கு ஒரு இரைச்சல் என்று இரண்டு தடவை எழுதினேன். கடல் விரியவில்லை, தலைக்கு நடுவில் ஒரே புள்ளியில் நின்று இரைந்தது. ஒரே வரையறை என்றால் ஒரே மதிப்பு, எங்கே எழுதினாலும். கம்பைலர் இரண்டும் ஒன்றே என்று கண்டுபிடித்து ஒருமுறை மட்டும் கணக்கிட்டு இரண்டு பக்கமும் அனுப்பிவிட்டது. அது செய்தது நூற்றுக்கு நூறு சரி. இந்தக் குணத்தால்தான் ஃபாஸ்ட் நாம் கவனக்குறைவாகத் திரும்பத் திரும்ப எழுதியதையெல்லாம் சுருக்கி வேகமான லூப்பாகத் தருகிறது. தனித்தனி இரைச்சல் வேண்டுமென்றால் நூலகத்தில் அதற்கென்று இருக்கும் பல தட இரைச்சலைத்தான் கேட்க வேண்டும்.

எந்த மொழியில் எழுதினாலும் தப்பிக்க முடியாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். + ~ *(0.999) எழுதி ஒரு தட்டு தட்டிவிட்டு அமைதியாக விடுங்கள். ஒலி தேயும், இரண்டு வினாடிக்குள் 10-இன் அடுக்கு −38 என்ற அளவுக்கு இறங்கிவிடும். ஒற்றைத் துல்லிய (32 பிட்) எண்ணுக்கு அதற்குக் கீழே இருப்பது ‘டீநார்மல்’ பிரதேசம், அங்கே பல சிபியுக்கள் நத்தை வேகம். பூஜ்யத்துக்காவது போய்ச் சேருமா என்றால், அதுவும் சேராது: ஓரிடத்துக்குப் பிறகு 0.999-ஆல் பெருக்கி ரவுண்டு செய்தால் அதே எண் திரும்பி வரும், அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதனால்தான் சில நிரல்கள் சத்தமாக வாசிக்கும்போது ஒழுங்காக ஓடி, வாசிப்பை நிறுத்தியதும் திணறும். இப்படிப்பட்ட எண்களைப் பூஜ்யமாக்கும்படி சிபியுவிடம் சொல்லலாம், ஃபாஸ்ட் கம்பைலரிடமும் சொல்லலாம். மௌனத்தில் மட்டும் வெட்டுகிறது என்றால் கலெக்டரைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

ஃபாஸ்டால் ஆகாதவையும் உண்டு. வரைபடம் கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். எட்டுத் தந்தி என்று எழுதினால் எட்டுதான். ஓடும்போது ஒன்பதாவதைச் சேர்க்க முடியாது. எஃப்எஃப்டி (ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) போல சாம்பிள்களைக் கட்டாக எடுத்து வேறு வேகத்தில் செய்யும் வேலைகள் அதில் அவஸ்தை. நிகழ்ச்சியின் நடுவே வாத்தியத்தையே மாற்றி எழுத வேண்டும் என்பவர்களுக்கு ஆண்ட்ரூ சோரன்சனின் எக்ஸ்டெம்போர் இருக்கிறது: மேலே லிஸ்ப் வகையைச் சேர்ந்த ஸ்கீம், கீழே எக்ஸ்டிலாங் என்று கலெக்டர் இல்லாத, டைப் உள்ள ஒரு மொழி, எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவி வழியாக ஓடும்போதே இயந்திரக் குறியாக மாறும். பிரிக்கும் கோடு இங்கே ஒரே கோப்புக்குள் ஓடுகிறது. நினைவகத்தை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் சி எழுதிய வாடை கொஞ்சம் அடிக்கும்.

இனி உங்கள் சைன் அலை. தாளமும் பாட்டும்தான் ஆசை என்றால் அதை மூடி வைத்துவிட்டு இன்றிரவே ஸ்ட்ரூடலைத் திறங்கள், பிடித்தால் டைடலுக்கு வாருங்கள். உங்கள் ஹாஸ்கெல் அங்கே நேரடியாகப் பயன்படும். வாத்தியமோ எஃபெக்ட்டோ செய்யத்தான் ஆசை என்றால் ஃபாஸ்டின் பிரௌசர் எடிட்டரில் மேலே கொடுத்த தந்தி வரியை process = என்பதற்குப் பின்னால் போட்டு, முடிவில் ; வைத்து, உள்ளே கண நேர இரைச்சலை ஊற்றிப் பார்த்து, 107-ஐ மாற்றி மாற்றிக் கேளுங்கள். இல்லை, ஹாஸ்கெலிலேயே சாம்பிள் வரை எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும் என்றால், அந்த ஆசை எனக்குப் புரிகிறது: லிஸ்ட்டை விட்டுவிட்டு, எண்கள் நேரடியாக அடுத்தடுத்து இருக்கும் அன்பாக்ஸ்டு அணிக்கு மாறுங்கள், நிலையை ஒவ்வொரு கட்டிலும் கட்டாயமாகக் கணக்கிடுங்கள், கால்பேக்கிலிருந்து (சவுண்டு கார்டு கதவைத் தட்டும்போது ஓடும் பகுதி) ஹாஸ்கெலைக் கூப்பிடாமல், தனி த்ரெட்டில் ஐம்பது மில்லி வினாடி முன்னதாகக் கணக்கிட்டு ஒரு வளைய பஃபரில் நிரப்புங்கள், சவுண்டு கார்டு அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். எடுத்துக் கொடுக்கும் அந்தக் கடைசி இருபது வரி மட்டும் சி-யில் இருக்கும். ஐம்பது மில்லி வினாடித் தாமதத்தோடு கீபோர்டு வாசிக்க முடியாது; ஆனால் டக் சத்தம் நிற்கும், ஃபைலாக எழுதிக் கேட்பதற்கு இந்த பஃபர்கூட வேண்டாம்.